ஊர் நிறுவனம் கைவிட்டபோது: ஏற்காட்டில் வீட்டு இணைய இணைப்பை மாற்றிய அனுபவம்

ஏற்காட்டில் நாகலூர் செல்லும் சாலையை ஒட்டிய எங்கள் பகுதிக்குப் பல ஆண்டுகளாக இணைய இணைப்பு கொடுத்துவந்த சிறு நிறுவனம், ஒரு மாத இறுதியோடு தன் சேவையை நிறுத்திக்கொண்டது. கேபிள் டிவி இணைப்பில் தொடங்கி, பின்னர் அதே கம்பங்களில் ஃபைபர் இழுத்து, வீட்டுக்கு வீடு இணையம் கொடுத்த நிறுவனம் அது. அதை நடத்தியவரை நாங்கள் கடைசிவரை ‘கேபிள்காரர்’ என்றே அழைத்தோம். காபித் தோட்டக்காரர்கள் சிலருக்கும், கீழே சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகள் சிலருக்கும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதி ஜிஎஸ்டி படிவங்களைத் தாக்கல் செய்வது என் தொழில் என்பதால், தாக்கலுக்குக் கடைசி நாட்களான மாதத்தின் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் இணையம் இல்லாமல் எனக்குக் கழியாது. ஆகவே இணைப்பை மாற்றும் வேலையைச் சற்று நிதானமாகவே பார்த்துச் செய்தேன். இதே நிலையில் இருக்கும் மலைவாசிகளுக்கும், சேலத்தின் ஓரப் பகுதிகளில் சிறு நிறுவனங்களை நம்பியிருப்பவர்களுக்கும் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

நிறுத்தப் போகிறோம் என்ற வாட்ஸ்அப் செய்தி வருவதற்கு முன்பே அறிகுறிகள் தெரிந்தன. பகலில் சரியாக இருந்த வேகம் மாலை ஏழு மணிக்கு மேல் தரைமட்டமாகும். சந்தாதாரர்களின் எண்ணிக்கை குறையாமல், மேலிருந்து வாங்கும் கொள்ளளவை மட்டும் குறைத்தால் இப்படித்தான் ஆகும். புகார் எண்ணை அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். கட்டணத்தை நிறுவனத்தின் கணக்குக்குப் பதிலாக ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு அனுப்பச் சொன்னார்கள். எல்லாவற்றையும்விடத் தெளிவான அறிகுறி, லைன் பார்க்க வரும் தம்பி ரீசார்ஜ் நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான்: “அண்ணா, இந்தத் தடவை மாசத்துக்கு மட்டும் போட்டுக்குங்க. வருஷத்துக்கு வேண்டாங்க.” சம்பளம் வாங்கும் இடத்தைப் பற்றி அவர் அதற்கு மேல் சொல்ல முடியாது, கேட்பவருக்கு அது போதும்.

செய்தி வந்ததும் அக்கம்பக்கத்தார் பலர் முதலில் கேட்டது, “அடுத்து எந்தக் கம்பெனி?” என்பதுதான். அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நின்றுபோவது எது? நமக்கு வரும் இணையத்தில் பொதுவாக மூன்று அடுக்குகள் இருக்கின்றன. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிடம் உரிமம் பெற்ற நிறுவனம் மேல் அடுக்கு. அந்த உரிமத்தில் நாடு முழுவதற்குமான ‘ஏ’ வகை, ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கான (பெரும்பாலும் ஒரு மாநிலம்) ‘பி’ வகை, அதைவிடச் சிறிய பகுதிக்கான ‘சி’ வகை என்று மூன்று உண்டு. அந்த நிறுவனத்தின் பெயரில் ஊருக்குள் இணைப்பு விற்று, பணம் வசூலித்து, பழுது பார்க்கும் உள்ளூர் முகவர் அல்லது பங்குதாரர் நடு அடுக்கு. கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் கம்பியும் பெட்டியும் கடைசி அடுக்கு. சில ஊர்களில் மூன்றும் ஒருவரிடமே இருக்கும். பெரும்பாலான சிற்றூர்களில் வெவ்வேறு கைகளில் இருக்கும்.

எங்கள் கேபிள்காரர் தன் பெயரில் பலகை வைத்திருந்தாலும் உரிமம் அவருடையதன்று. பழைய பில் ஒன்றைத் தேடி எடுத்துப் பார்த்தபோது அடியில் சென்னை முகவரியோடு வேறொரு நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தன. பில் இல்லாதவர்கள், இணைப்பு உயிரோடு இருக்கும்போதே, தங்கள் இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரியைக் காட்டும் இணையதளம் ஒன்றைத் திறந்து பார்த்தால் அந்த முகவரி யாருக்கு உரியது என்று வரும். பெரும்பாலும் அது மேல் அடுக்கு நிறுவனத்தின் பெயராக இருக்கும். இதைத் தெரிந்துகொள்வதில் வெறும் ஆர்வத்துக்கு மேல் லாபம் உண்டு. ‘ஒருங்கிணைந்த உரிமம்’ என்று தொலைத்தொடர்புத் துறை தரும் அந்த உரிமத்தின் விதிப்படி, உரிமத்தைத் திரும்ப ஒப்படைக்கும் நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவருக்கும் 30 நாள் முன்னறிவிப்பு தரவேண்டும். ஆனால் எங்கள் ஊரில் நடந்தது உரிம ஒப்படைப்பு அன்று. முகவர் கடையைச் சாத்தினார், அவ்வளவுதான். உரிமம் பெற்ற நிறுவனம் இன்னும் இயங்குகிறது. ஆகவே முன்னறிவிப்பு விதியைக் காட்டிச் சண்டை போட முடியாது. ஆனால் வைப்புத்தொகையையும் மீதமுள்ள சந்தாவையும் கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்பது உறுதியாயிற்று. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இணைப்பு முழுவதுமாக அணைவதற்கு முன் செய்யவேண்டிய சில வேலைகள் உள்ளன. அணைந்த பிறகு அவற்றைச் செய்ய முடியாது. நிறுவனத்தின் செயலியிலோ தளத்திலோ இருக்கும் கட்டண ரசீதுகளை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் முதலில் மறைவது அந்தத் தளம்தான். கட்டணம் தானாகக் கழியும்படி யுபிஐ செயலியில் அனுமதி கொடுத்திருந்தால் அதை நீக்கிவிட வேண்டும். சந்தாதாரர் எண், இணைப்புக்கான பயனர் பெயர், கடவுச்சொல், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண் ஆகியவற்றைப் படமெடுத்துக்கொள்வது நல்லது. ஃபைபரோடு சேர்த்துக் கொடுத்த தரைவழித் தொலைபேசி எண்ணை முகவரிச் சீட்டில் அச்சடித்து வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி இந்தியாவில் கைப்பேசிக்கு மட்டுமே 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இருக்கிறது, தரைவழி எண்ணுக்கு இல்லை. அந்த எண் நிறுவனத்தோடு போய்விடும்.

மலைவீடுகளுக்கே உரிய சிக்கல் ஒன்று இதில் எதிர்பாராமல் முளைக்கும். எங்கள் வீடு சரிவில் இருப்பதால் சுவர்களுக்குள் கைப்பேசி சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. வைஃபை வழியாக அழைப்பு வரும் வசதியால்தான் இத்தனை நாளும் வீட்டுக்குள் போன் பேசிவந்தோம். இணையம் நின்றதும் போனும் நின்றது, வங்கியின் ஓடிபியும் நின்றது. புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கவும் ஓடிபி வேண்டும், ஆதார் சரிபார்ப்புக்கும் ஓடிபி வேண்டும். ஆகவே புதிய இணைப்புக்கான விண்ணப்பத்தையும் சரிபார்ப்பையும் பழைய இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். தவறவிட்டவர்கள் கைப்பேசியோடு சாலைத் திருப்பத்துக்கு ஏறிப்போய் நின்றார்கள்; வீட்டில் வயதான பெற்றோர் மட்டும் இருப்பவர்களுக்கு இது சிறு விஷயமன்று.

இடைக்காலத்துக்கு, மாடி ஜன்னலில் சிக்னல் கிடைக்கும் மூலையைக் கண்டுபிடித்து அங்கே பழைய கைப்பேசி ஒன்றைச் சார்ஜரோடு வைத்து, அதன் ஹாட்ஸ்பாட்டில் வேலையை ஓட்டினேன். கணினியில் அந்த வைஃபையை ‘மீட்டர்டு’ (அளவுள்ள டேட்டா) இணைப்பு என்று குறித்துவிட்டால், விண்டோஸ் தன் போக்கில் பெரிய அப்டேட்களை இறக்கி அன்றைய டேட்டா முழுவதையும் தின்றுவிடாது. படிவத் தாக்கலுக்கு வேகம் அதிகம் தேவையில்லை. அறுபடாமல் இருந்தால் போதும்.

இனி, புதிய நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது. 636601 என்ற அஞ்சல் குறியீட்டை இட்டால் ‘உங்கள் பகுதியில் சேவை உண்டு’ என்று எந்தத் தளமும் உற்சாகமாகச் சொல்லும். அந்தக் குறியீட்டுக்குள் ஏரியைச் சுற்றியுள்ள விடுதிகளும் அடங்கும், பேருந்து நின்று மூன்று கிலோமீட்டர் நடக்கவேண்டிய தோட்டக் குடியிருப்பும் அடங்கும். வீட்டுக்கு இணைப்பு வருமா என்பதைக் கம்பத்தில்தான் பார்க்க வேண்டும். வீட்டைச் சுற்றி இருநூறு முந்நூறு மீட்டர் நடந்து, எந்தக் கம்பத்தில் யாருடைய ஃபைபர் பெட்டி தொங்குகிறது, அதில் காலித் துளை இருக்கிறதா என்று பார்த்தேன். பெட்டிகளில் நிறுவனத்தின் பெயரோ பிரிவு எண்ணோ எழுதியிருக்கும். தளம் சொன்னதைவிட அந்த நடை அதிகம் சொன்னது.

கம்பியே இல்லாமல், கைப்பேசிக் கோபுரத்திலிருந்து 5ஜி அலையைக் கூரைமேல் பெட்டியில் வாங்கி வீட்டுக்குத் தரும் இணைப்பையும் பரிசீலித்தேன். ஏர்டெல் 2023 ஆகஸ்டிலும் ஜியோ அதே ஆண்டு செப்டம்பரிலும் இந்தியாவில் தொடங்கிய வகை இது. கம்பம் சாய்ந்தாலும் கிளை விழுந்தாலும் இதற்குக் கவலையில்லை என்பது மலையில் பெரிய வசதி. ஆனால் கோபுரம் பெட்டிக்கு நேராகத் தெரிந்தால்தான் நன்றாக ஓடும். எங்கள் வீட்டுக்கும் அருகிலுள்ள கோபுரத்துக்கும் இடையே ஒரு மேடும், மேட்டின்மேல் மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் வரிசையும் நிற்கின்றன. ஈர இலைகள் அலையை விழுங்கும். சேலத்தில் அஸ்தம்பட்டியிலோ ஃபேர்லேண்ட்ஸிலோ மொட்டைமாடி இருப்பவர்களுக்கு இது நல்ல வழியாக இருக்கலாம். மேட்டுக்கு மறுபக்கம் இருப்பவர்கள், சோதித்துப் பார்க்காமல் பணம் கட்டக்கூடாது. மே மாதக் கோடைவிழாவின்போது மலை நிறையச் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், அத்தனை பேரும் அதே கோபுரத்தைத்தான் பயன்படுத்துவார்கள் என்பதையும் கணக்கில் கொண்டேன்.

ஃபைபரே என்று முடிவானபின், விற்பனைக்கு வந்தவர்கள் எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசினார்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் ஒருவர் வீடியோ பாடம் பார்க்க, இன்னொருவர் படம் பார்க்க, மூன்றாமவர் கணக்குப் பார்க்க 50 எம்பிபிஎஸ் தாராளம். நான் கேட்டவை வேறு. சேலத்திலிருந்து மேலே வரும் உங்கள் முதன்மைக் கம்பி எந்த வழியாக வருகிறது? இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அடிவாரம் சாலை வழியாக மட்டுமா, குப்பனூர் வழியாக மாற்றுக் கம்பியும் உண்டா? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை மறந்தவர்கள் இங்கே யாருமில்லை. சாலையோரக் கம்பிக்கும் அதே கதிதான். இரண்டாவது கேள்வி, உங்கள் ஓஎல்டி எங்கே இருக்கிறது, மின்சாரம் போனால் அது எத்தனை மணி நேரம் தாங்கும்? ஓஎல்டி என்பது பல வீடுகளின் ஃபைபர்கள் போய்ச் சேரும் தலைமைப் பெட்டி. அதற்கும் வீட்டுக்கும் இடையே மின்சாரம் தேவைப்படும் கருவி எதுவும் கிடையாது. கண்ணாடி இழையும், ஒளியைப் பிரித்துக்கொடுக்கும் மின்சாரம் வேண்டாத பெட்டிகளும் மட்டுமே. ஆகவே வீட்டில் ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் வைத்துவிட்டால் நம் பக்கம் தீர்ந்தது. ஆனால் அந்தப் பக்கம் பேட்டரி இல்லையென்றால் நம் யுபிஎஸ் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும். மூன்றாவது, அறுந்த ஃபைபரை ஒட்டும் ஸ்ப்ளைசிங் கருவி மலைமேலேயே இருக்கிறதா, சேலத்திலிருந்து வரவேண்டுமா?

இந்தக் கேள்விகளுக்குப் பெரிய நிறுவனங்களின் அழைப்பு மையத்தில் பதில் கிடைக்காது. அவர்கள்மீது குற்றமில்லை, அவர்களுக்குத் தெரியாது. பதில் சொன்னவர், பழைய நிறுவனத்தில் லைன் பார்த்த அதே தம்பி. கடை மூடிய பிறகு அவர் வேறொரு உரிமதாரரின் உள்ளூர் பங்குதாரரிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தார். பி.எஸ்.என்.எல். உட்படப் பல நிறுவனங்கள் சிற்றூர்களில் ஃபைபர் இணைப்பை இத்தகைய பங்குதாரர்கள் மூலமாகவே தருகின்றன. ஓஎல்டி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது, அங்கே எத்தனை பேட்டரி இருக்கிறது என்பதையெல்லாம் அவர் விரல்விட்டுச் சொன்னார். குப்பனூர் வழிக் கம்பி இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். விளம்பரத்தில் கண்ட வேகத்துக்காக அன்றி, இந்த மலையில் மழைக்காலத்தில் ஏணியோடு வரப்போகும் ஆளை அறிந்து அந்த நிறுவனத்தைத் தேர்ந்தேன். மேல் அடுக்கு ஒரு நிலைத்த உரிமதாரராகவும் நடு அடுக்கு நடந்துபோகும் தூரத்திலும் இருப்பது, என் மதிப்பீட்டில், மலைக்கு ஏற்ற சேர்க்கை.

இணைக்க வந்தபோது, கம்பத்திலிருந்து வீடுவரை பழைய நிறுவனம் இழுத்திருந்த கம்பியையே பயன்படுத்த முடியுமா என்ற கேள்வி எழுந்தது. கண்ணாடி இழைக்கு நிறுவன பேதம் இல்லை. பழையவர் ஒப்புக்கொண்டால் கம்பத்து முனையில் வெட்டிப் புதிய பெட்டியில் ஒட்டிவிடலாம். புதுக்கம்பி இழுக்கும் செலவு மிச்சம். எங்கள் கேபிள்காரர் வீட்டுக் கம்பிகளை விட்டுக்கொடுத்தார். ஆனால் வீட்டுக்குள் இருந்த பெட்டி பயன்படவில்லை. சிறு நிறுவனங்கள் பல செலவு குறைந்த இபான் (EPON) முறையில் வலை அமைத்திருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் ஜிபான் (GPON) முறையில். இரண்டும் ஒரே இழையில் ஓடக்கூடியவை என்றாலும் ஒன்றின் பெட்டி மற்றொன்றுக்கு உதவாது. பெட்டியில் எக்ஸ்பான் (XPON) என்று எழுதியிருந்தால் இரண்டிலும் ஓடும். அப்போதும் புதிய நிறுவனம் அதைத் தன் வலையில் பதிவுசெய்ய ஒப்புக்கொள்ள வேண்டும். எனவே பழைய பெட்டியைக் காட்டி விலை பேச நினைப்பவர்கள் முதலில் அந்த எழுத்தைப் பார்ப்பது நல்லது.

வேலை முடிந்து வேகச் சோதனை காட்டும்போது, அதோடு பவர் மீட்டர் அளவையும் கேட்டு வாங்கவேண்டும். வீட்டுக்கு வந்துசேரும் ஒளியின் அளவை டிபிஎம் என்ற அலகில் அது காட்டும். மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. மைனஸ் 27ஐ நெருங்கினால் இன்று ஓடும், ஒரு மழைக்குப் பின் சிவப்பு விளக்கு எரியும். மூன்று டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிவிடும் என்பதால் இந்த எண்களைச் சின்ன வித்தியாசம் என்று விடக்கூடாது. என் வீட்டில் முதல் அளவு மைனஸ் 25ஐத் தாண்டி இருந்தது. தேடிப் பார்த்ததில் ஜன்னல் சட்டத்தில் கம்பியைக் கூர்மையாக மடித்து ஆணி அடித்திருந்த பழைய வளைவு ஒன்று அகப்பட்டது. அதை நீக்கி, கை அகல வட்டத்தில் தளர்வாக விட்டதும் அளவு ஏறியது. ஃபைபர் இணைப்பிகளின் பச்சை முனையையும் நீல முனையையும் ஒன்றோடொன்று மாட்டியிருந்தாலும் ஒளி கணிசமாக வீணாகும். நிறம் பார்த்துக் கேட்கப் பொறியாளர் படிப்பு தேவையில்லை.

மலையில் கோடை இடி கடுமையானது. முன்பு கம்பத்திலிருந்து செம்புக் கம்பியில் இணைப்பு வந்த காலத்தில் ஏப்ரல், மே மாதங்களில் ரவுட்டர் எரிவது சாதாரணம். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அதைத் தாங்கும் எஃகுக் கம்பி கடத்தும். அதை வெளிச்சுவரிலேயே கொக்கியில் முடித்துவிட்டு இழையை மட்டும் உள்ளே விடச் சொன்னேன். வீட்டுக்குள் நுழையுமுன் கம்பி ஒருமுறை கீழே தொங்கி மேலேறினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். துளை வழியே சுவருக்குள் வராது.

புதிய ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் வைத்ததால் டிவி, பிரிண்டர், பையனின் டேப்லெட் எல்லாம் தாமாகவே சேர்ந்துகொண்டன. சேராதது காபிக் களத்தில் இருக்கும் சிசிடிவி. பழைய நிறுவனம் தனி ஐபி கொடுத்திருந்தது. புதியது பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து தருகிறது. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் இதுதான் நிலை. வெளியூரிலிருந்து நேரடியாகக் கேமராவைத் திறக்க முடியாது. கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கலாம், அல்லது மாதக் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம். அறுவடைக் காலத்தில் களத்தில் காயும் கொட்டையைப் பார்க்க எனக்குச் செயலியே போதுமானதாக இருக்கிறது. அலுவலக வலையை வெளியிலிருந்து பாதுகாப்பாக அடையும் வழியான விபிஎன்னில் தங்கள் ஐபியைப் பதிந்து வைத்திருப்பவர்கள் இதை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

கடைசியாகப் பணம். எனக்கு வரவேண்டியது பெட்டிக்கான வைப்புத்தொகை மட்டும். கீழ்வீட்டு ஆசிரியருக்கு ஆண்டுச் சந்தாவில் பாதிக்கு மேல். கேபிள்காரர், “மேல கேளுங்க” என்றார். உரிம நிறுவனத்தில் புகார் பதிந்து அதன் பதிவு எண்ணைக் குறித்துக்கொண்டோம். அந்த எண் இல்லாமல் அடுத்த படிக்குப் போக முடியாது. டிராய் எனப்படும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டுக் குறைதீர் விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும், மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. டிராய் அமைப்பே தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருப்பதில் பயனில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாக்கிவிட்டது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

நாங்கள் மேல்முறையீட்டோடு நின்றோம். பெட்டியைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்தோடு சீட்டு வாங்கியிருந்ததால் என் வைப்புத்தொகை வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. ஆசிரியர் சந்தாவின் முதல் பகுதியை நிறுவனத் தளத்தில் கட்டியிருந்தார், மீதியைக் கேபிள்காரர் கையில் ரொக்கமாகக் கொடுத்திருந்தார். தளத்தில் கட்டியதில் பயன்படுத்தாத மாதங்களுக்கான தொகையை நிறுவனம் திருப்பியது. ரொக்கத்துக்குப் பதிவே இல்லை என்றது. அதைக் கேபிள்காரர் காபி விற்றதும் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆசிரியர் அதை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறார்.